இரண்டு அவுன்ஸ் மண்

சில ஆண்டுகளுக்கு முன்னர், உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பீடத்தை அணிசெய்த நம் பங்கு இளைஞர்கள், வழக்கமான வாழைக்கன்றுகளையும் மண்தொட்டிகளையும் விடுத்து ஒரு புதுமையைக் கொணர்ந்தனர். மூன்று கண்ணாடிக் கிண்ணங்கள். அவற்றுள் ஒரு பிடி மண்ணும் இல்லை. மண் இருக்க வேண்டிய இடத்தில் நீலமும் பச்சையும் சிவப்புமாகப் பளிங்கு மணிகள் நிறைந்திருந்தன. இரண்டு கிண்ணங்களில் மணி பிளான்ட் கொடி; மூன்றாவதில் புதினா. முந்திய நாள் மாலையில் கடுகளவே இருந்த படிகங்கள், ஓர் இரவு நீரில் ஊறிச் சுண்டைக்காய் அளவு பருத்துவிட்டன என்று இளைஞர்கள் வியப்போடு விளக்கினர். பாஸ்காத் திரியின் ஒளி அம்மணிகளை ஊடுருவியபோது செடியின் வேர்கள் வெண்ணிற இழைகளாய்த் தெரிந்தன. காஞ்சிபுரத்து மக்களுக்கு இழையின் அழகை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்பலி முடிந்த பின்னரும் கூட்டம் கிண்ணங்களைச் சுற்றியே நின்றது.

நாமும் மகிழ்ந்தோம். பீடத்துணியில் மண் சிந்தவில்லை; எறும்பு ஏறவில்லை; நாள்தோறும் நீர் வார்க்கும் கவலையும் இல்லை. "மண் படாத செடி" என்று அறிவிப்பு நேரத்தில் பாராட்டவும் செய்தோம். அச்சொற்களை இன்று நினைக்கையில் சற்றே வெட்கமாக இருக்கின்றது.

உயிர்ப்பு ஞாயிறு தொடங்கித் தூய ஆவியார் பெருவிழா முடிய ஐம்பது நாள்கள். அந்த ஐம்பது நாள்களுக்குள் புதினா வெளுத்தது. பின்னர் அதன் தண்டு கறுத்து, வேர் அழுகி நாறியது. கொடிகள் சாகவில்லை, ஆனால் புதிதாய் வந்த இலைகள் சிறுத்து, மஞ்சள் பூத்து, நோயாளியின் முகம் போல் இருந்தன. கிண்ணத்தின் அடியில் பாசி படிந்தது. கோயிலைக் கூட்டிப் பெருக்கும் மூதாட்டி ஒருவர், ஒரு காலத்தில் தறிக்கு நூல் சுற்றியவர், கிண்ணத்தை உற்றுப் பார்த்துவிட்டு நம்மிடம் சொன்னார்: "தண்ணி குடுத்தாச்சு சாமி. சோறு யாரு போட்டா?"

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்ற நமக்கு, அந்த ஒற்றைக் கேள்வி பல நாள் சிந்தனையாயிற்று. ஓர் உயிர் தளிர்த்து வளர எது வேண்டும்? அது பருகும் நீர் போதுமா? அல்லது அது நிற்கும் இடமும் வேண்டுமா? நம் காலத்தில் எண்ணற்ற மனிதர் மண்ணை விட்டுப் பெயர்ந்து வாழ்கின்றனர். ஆதலின் இக்கேள்வி செடியைப் பற்றியது மட்டுமன்று.

படிகத்தின் நெசவு

முதலில் அப்படிகத்திற்கு நீதி செய்வோம். அது ஏமாற்று வித்தையன்று, அறிவியலின் நற்படைப்பு. 1970களில் அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா நகர ஆய்வுக்கூடத்தில், சோள மாவுச்சத்தைக் கொண்டு தன் எடையைப் போல் பல நூறு மடங்கு நீரை ஈர்க்கும் பொருள் ஒன்று உருவாக்கப்பட்டது. இன்று குழந்தைகளுக்கு அணிவிக்கும் டயப்பரின் உள்ளே இருப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்த பாலிமரே.

அது செயற்படும் விதத்தை நம் ஊர் நெசவாளர் எளிதில் உணர்வர். பாலிமர் என்பது மிக நீண்ட மூலக்கூற்று இழை. பாவு இழைகளை ஊடை குறுக்கே பிணைப்பது போல, இவ்விழைகளைச் சிறு சிறு வேதிப்பிணைப்புகள் இடையிடையே கட்டி வைக்கின்றன. நீர் பட்டதும் இழைகளின் மேலுள்ள ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ள, வலை விரிகின்றது. விரிந்த வலைக்குள் நீர் நிறைகின்றது. குறுக்குப் பிணைப்புகள் இருப்பதால் இழைகள் கரைந்து போவதில்லை. சுற்றிலும் வறட்சி மிகும்போது, வேர் அந்நீரைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்கின்றது. உப்பும் சுண்ணமும் மிகுந்த கடின நீரில் மட்டும் இவ்வலை முழுமையாக விரிவதில்லை. நம் ஊரில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றியவர்கள், படிகம் எதிர்பார்த்த அளவு பருக்கவில்லை என்று குறைப்படுவதற்கு இதுவே காரணம்.

நம் நாட்டிலும், புது தில்லியில் பூசா என்று அழைக்கப்படும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், தாவர நார்ப்பொருளாகிய செல்லுலோசை அடிப்படையாகக் கொண்டு 'பூசா ஹைட்ரோஜெல்' என்னும் படிகத்தை உருவாக்கியது. தன் எடையைப் போல் 350 மடங்குக்குக் குறையாத நீரை ஏற்பது. நம் கோடை வெப்பத்திலும் செயற்படுவது. ஏக்கருக்கு ஒன்றிரண்டு கிலோ போதுமானது. மழை பொய்க்கும் நிலத்தில் ஒரு நீர்ப்பாய்ச்சலை மிச்சப்படுத்துவது உழவனுக்கு எத்துணைப் பெரிய உதவி! ஏரிகளின் மாவட்டம் என்று பெயர் பெற்றிருந்த பழைய செங்கற்பட்டுப் பகுதியில், மணல் மட்டுமே ஓடும் பாலாற்றைப் பார்த்துக்கொண்டு வாழும் நாம் அதை அறியாதவர் அல்லோம்.

ஆயினும் ஒன்றைக் கருதுக. உழவனின் வயலில் படிகம் மண்ணோடு கலக்கின்றது. நம் பீடத்துக் கிண்ணத்திலோ அது மண்ணின் இடத்தில் அமர்ந்தது. பொருள் ஏறத்தாழ ஒன்றே. அமர்ந்த இடம் வேறு.

வேறோர் ஆபத்தையும் ஈண்டு மறைக்கலாகாது. அதே நாள்களில் பீடச் சிறுவன் ஒருவனின் தங்கை, சிவந்த மணி ஒன்றை மிட்டாய் என்று எண்ணி வாயருகே கொண்டுபோனாள். தாய் கண்டு தட்டிவிட்டார். விழுங்கப்பட்ட மணி குடலுக்குள் மேலும் பருத்து அடைத்துக்கொள்ளும்; சாதாரண எக்ஸ்ரே படத்தில் எளிதில் தெரியாது; அறுவை மருத்துவமே வேண்டியிருக்கும். குழந்தைகள் இறந்த நிகழ்ச்சிகளும் உண்டு. அமெரிக்காவில் பெரும் வணிக நிறுவனங்கள் சில, 2023ஆம் ஆண்டின் இறுதியில் சிறுவர்க்கான இம்மணிகளின் விற்பனையை நிறுத்தின. அழகுக்காக அவற்றைப் பீடத்தின் கீழ்ப்படியில், குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் வைக்க இசைந்தவர் நாமே. அப்பிழை நம்முடையது. சிறுவர் உள்ள இல்லத்தார் இதனை நினைவிற் கொள்வாராக.

வில்லோ மரமும் இரண்டு அவுன்சும்

மூதாட்டியின் கேள்விக்கு விடை தேடியபோது, பள்ளிநாளில் படித்த பழைய பரிசோதனை ஒன்று நினைவுக்கு வந்தது. பிரசல்ஸ் நகரில் வாழ்ந்த வான் ஹெல்மோன்ட் என்னும் மருத்துவ அறிஞர், அடுப்பில் உலர்த்திய 200 பவுண்டு மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோக் கன்று ஒன்றை நட்டார். தூசி விழாதபடி துளையிட்ட தகட்டால் மூடினார். மழைநீரையே வார்த்தார். ஐந்து ஆண்டுகள் சென்றபின் மரத்தை எடுத்து நிறுத்தார். 169 பவுண்டு இருந்தது. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தார். குறைந்திருந்தது வெறும் இரண்டு அவுன்ஸ். ஆகவே மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டானது என்று அவர் முடிவு செய்தார். அவர் மறைந்தபின் 1648இல் அவர்தம் நூல் வெளிவந்தது.

எத்துணைப் பொறுமையான உழைப்பு! எத்துணை நேர்மையான கணக்கு! ஆயினும் முடிவு தவறானது. மரத்தின் உடலில் பெரும்பகுதி காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் ஆனது என்பதைப் பின்வந்த அறிஞர் காட்டினர். அதைவிட நம்மைத் தொடுவது வேறொன்று: அவர் நிறுத்துப் பார்த்து, மிகச் சிறிது என்று ஒதுக்கிவிட்ட அந்த இரண்டு அவுன்ஸ். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, இரும்பு, மக்னீசியம் ஆகியன அதிலேயே அடங்கியிருந்தன. இலையின் பச்சைக்கு நடுவே இருப்பது மக்னீசியம். இரும்பு குறைந்தால் தளிர் மஞ்சளாகிவிடும். நிறையில் ஒரு கைப்பிடிக்கும் குறைவு. அது இல்லையேல் 169 பவுண்டு மரமும் இல்லை.

நம் கிண்ணத்தில் இல்லாதிருந்தது அந்த இரண்டு அவுன்சே. படிகம் நீரைத் தாங்கி நின்றது. ஊட்டம் அதனிடம் இல்லை. தருவதாக அது சொல்லவும் இல்லை. நீர் நிறைந்த இடமெல்லாம் உயிர் நிறையும் என்று எண்ணியவர் நாம்.

ஓர் உவமை, இரு சொற்கள்

ஆண்டின் பொதுக்காலத்தில் விதைப்பவர் உவமை வாசகமாக வந்த ஞாயிறன்று, இக்கிண்ணத்தையே மறையுரைக்குப் பொருளாகக் கொண்டோம். பாறை நிலத்தில் விழுந்த விதையைப் பற்றிக் கூறும்போது, அது வேரில்லாமையால் காய்ந்தது என்கின்றனர் மத்தேயுவும் மாற்குவும். லூக்காவோ, அது ஈரமில்லாமையால் காய்ந்தது என்கின்றார். பின்னர் உவமையை விளக்குமிடத்தில் அவரும் வேரைக் குறிப்பிடுகின்றார். குருமடத்தில் இவ்வேறுபாட்டைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். மஞ்சள் பூத்த இலைகளைப் பார்த்த பின்னரே அது உறைத்தது. ஈரம் வேறு, வேர் வேறு, இரண்டும் வேண்டும். நம் படிகம் லூக்கா சொன்ன குறையைத் தீர்த்தது. மத்தேயு சொன்ன குறை அப்படியே நின்றது.

இதை வைத்து நம் சமயவாழ்வையும் அன்று ஆராய்ந்தோம். ஆண்டுக்கொருமுறை நிகழும் பெருந்தியானம், தொலைக்காட்சியில் காணும் திருப்பலி, கைப்பேசியில் நாள்தோறும் வந்து குவியும் இறைவார்த்தைச் செய்திகள் ஆகிய அனைத்தும் வறண்ட உள்ளத்திற்கு ஈரந்தான். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் கோயில்கள் பூட்டிக் கிடந்தபோது அந்த ஈரமே பலரைக் காத்தது; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அண்டை வீட்டு நோயாளி, அன்பியக் கூட்டத்தில் மனம் கசந்து பேசும் உறவினர், ஒப்புரவாகாத சகோதரர் ஆகியோரும், கூலிக்குக் காத்திருக்கும் தொழிலாளியும் வாழ்கின்ற மண்ணில் நம் வேர் இறங்காவிடில் அந்த ஈரம் என்ன செய்யும்? இறையருள் மனித இயல்பை அகற்றிவிட்டு அதன் இடத்தில் அமர்வதில்லை. அதை நிறைவாக்குகின்றது என்பது தூய தோமா அக்குவினாரின் படிப்பினை. வயலில் கலந்த படிகத்தை அதற்கு உவமையாகச் சொன்னோம்.

அதுவரை சரியாகவே பேசினோம். அதன்பின் நாம் கூறியதுதான் வம்பாயிற்று. பரம்பரைத் தறியையும் பிறந்த தெருவையும் விட்டு, ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் ஓடும் நம் இளைஞர்கள், கிண்ணத்துச் செடிகளாய் வேரற்றுப் போகின்றனர் என்று வருத்தத்தோடு கூறி முடித்தோம்.

எந்த மண்?

திருப்பலிக்குப் பின் இளைஞர் ஒருவர் திருப்பண்ட அறை வாயிலில் நின்றார். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரரின் மகன். வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் முறைமாற்றுப் பணி. இரவுப் பணி முடித்து உறங்காமல் திருப்பலிக்கு வந்திருந்தார். "ஃபாதர், கோவிச்சுக்காதீங்க. எங்கப்பா நாப்பது வருஷம் மண்ணுக்குள்ளதான் காலை வச்சிருந்தாரு. அந்த மண்ணு அவருக்குக் குடுத்தது மூட்டு வலியும் முன்பணக் கடனும்தான். நான் அதை விட்டு வந்ததாலதான் என் தங்கச்சி காலேஜுக்குப் போறா" என்றார். குரலில் சினம் இல்லை. அதனால் அது இன்னும் ஆழமாகத் தைத்தது.

அவர் சொன்ன மண் உவமையன்று. குழித்தறியில் நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து, தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை இறக்கி மிதிக்கட்டையை அழுத்துவார். குழியின் ஈரம் கோடையிலும் இழை அறாமல் காக்கும் என்பது நெசவாளர் அனுபவம். பட்டுக்கு நன்மை செய்யும் அதே குழி, மனிதனின் முழங்காலுக்கும் இடுப்புக்கும் செய்வது வேறு. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005ஆம் ஆண்டில். இப்பட்டு இம்மண்ணுக்கே உரியது என்று சட்டமும் ஏற்றுக்கொண்டது. அந்த மண்ணில் கால் புதைத்து நெய்தவனுக்கு அதனால் எவ்வளவு உரிமை கிடைத்தது என்பது வேறு கேள்வி. இழை கருநாடகத்திலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. இம்மண்ணுக்கே உரியது என்று சொல்லத்தக்கது நெசவாளனின் கையும், அது கற்ற பழக்கமும் அன்றோ?

இன்னொன்றும் நம்மை உறுத்தியது. மண்ணில் வேரூன்றுக என்று போதிப்பது எளிது. மண் மறுக்கப்பட்டோர் அதைக் கேட்டு என்ன செய்வர்? நம் செங்கற்பட்டு மறைமாவட்டம் அமைந்துள்ள இதே நிலப்பரப்பில், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலமற்ற வறுமையைக் கண்டு 1891ஆம் ஆண்டு அறிக்கை எழுதினார் ஆட்சியராய் இருந்த திரமென்ஹீர். அதன் விளைவாக 1892இல் அவர்களுக்கென நிலம் ஒதுக்க ஆங்கில அரசு முடிவு செய்தது. அவையே பஞ்சமி நிலங்கள். பிறருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை இருந்தும் அவற்றுள் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. அந்நிலத்தை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தின்போது, 1994 அக்டோபரில் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். மண் என்னும் சொல் சிலருக்கு நினைவின் இனிமை. சிலருக்கு இரத்தம் சிந்தியும் கிட்டாத உரிமை. மறையுரை மேடையில் அச்சொல்லைக் கையாளும்போது இவ்விரு சாராரும் நம் முன்னே அமர்ந்திருக்கின்றனர் என்பதை அன்று மறந்தோம்.

நம் ஊரின் பெரிய கோயில் ஒன்றும் மண்ணைக் குறித்தே எழுந்தது. ஏகாம்பரநாதர் ஆலயம் ஐம்பூதங்களுள் நிலத்துக்குரிய தலமாக நம் இந்து சகோதரர்களால் போற்றப்படுகின்றது. அம்மை மணலால் இலிங்கம் சமைத்து வழிபட்டபோது வெள்ளம் வர, அது கரையாதபடி மார்போடு தழுவிக் காத்தாள் என்பது அவர்தம் தலவரலாறு. மணல் திருமேனி ஆதலால் அதற்கு நீராட்டுச் செய்வதில்லை என்பர். நீர் உயிர் தருவது. ஆயினும் அதன் பெருக்கில் மண் கரைந்துவிடாமல் காக்க ஒருவர் அணைத்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது. இதை எண்ணியபடி சில மாலைகள் அத்தெருவழியே நடந்ததுண்டு.

நம் மறைநூலின் தொடக்கமும் அதையே பேசுகின்றது. எபிரேயத்தில் 'அதாமா' என்றால் மண். அதிலிருந்து உருவானவன் 'ஆதாம்'. ஆண்டுதோறும் திருநீற்றுப் புதனன்று நம் நெற்றியில் பூசப்படும் சாம்பலும் அந்த உறவையே நினைவூட்டுகின்றது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' திருமடலின் தொடக்கத்திலேயே, நாமே இந்த மண்ணால் ஆனவர்கள் என்பதை எடுத்துரைத்தார். மண்ணிலிருந்து முற்றிலும் விடுபட்ட மனிதன் எவனும் இல்லை. எந்த மண், யாருடைய மண், அது எவருக்கு ஊட்டம் தருகின்றது என்பனவே கேள்விகள்.

ஊட்டம் யார் தருவது?

அவ்விளைஞரின் சொல்லைக் கேட்டபின், நம் உவமையின் இன்னொரு பாதி விளங்கியது. மண்ணின்றிச் செடி வளராது என்று நாம் மேடையில் சொன்னதே அறிவியற்படி தவறு. 1860ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மானிய அறிஞர்களான சாக்ஸ், நாப் இருவரும், தேவையான உப்புகளைக் கரைத்த நீரில் செடிகளை வளர்த்துக் காட்டினர். நம் நாட்டிலேயே 1946 முதல், வங்காளத்துக் காலிம்பொங் மலைப்பகுதியில் சோல்டோ டக்ளஸ் என்பவர் கற்சில்லும் மணலும் இட்ட தொட்டிகளில் எளிய மக்களும் காய்கறி பயிரிடத்தக்க முறை ஒன்றை வகுத்தார். 'வங்காள முறை' என்றே அது உலகில் பெயர் பெற்றது. இன்று நகரத்து மாடிகளிலும் மண்ணில்லா வேளாண்மை நடைபெறுகின்றது.

ஆகவே மண்ணின்றியும் செடி தழைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மண் எவரும் கேளாமலே, ஓசையின்றி ஊட்டிய அந்த இரண்டு அவுன்சை, இனி ஒருவர் அளந்து, கரைத்து, நாள் தவறாமல் ஊட்ட வேண்டும். வேருக்குக் காற்று செல்கின்றதா என்று பார்க்க வேண்டும். மண்ணில் நிற்கும் செடியை உழவன் ஒரு வாரம் மறந்தாலும் மண் மறவாது. மண்ணில்லாச் செடியை வளர்ப்பவன் மறந்தால் அதற்கு வேறு துணை இல்லை. மண்ணை விட்டுப் பெயர்ந்த உயிர் பிறரது கவனிப்பை மிகுதியாக நாடி நிற்கின்றது. அதைக் குற்றம் என்பது தகாது. அது நம்மேல் விழும் பொறுப்பு.

பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெயில் 1934ஆம் ஆண்டு, ஆசிரியப் பணியிலிருந்து விடுப்புப் பெற்றுப் பாரிசின் தொழிற்சாலைகளில் கூலியாளாய்ச் சேர்ந்தார். 1943இல் இலண்டனில், தம் வாழ்வின் இறுதி மாதங்களில், வேரூன்றுதல் மனித ஆன்மாவின் தலையாய தேவைகளுள் ஒன்று என்பதை விளக்கி ஒரு நூல் எழுதினார். வேரிழந்தவரைப் பழித்து அவர் எழுதவில்லை; வேரறுக்கும் அமைப்புகளையே கேள்விக்குள்ளாக்கினார். எந்திரத்தின் முன் நின்று பார்த்தவர் ஆதலின் அவருக்கு அந்தத் தெளிவு இருந்தது. நாமோ எந்திரத்தின் முன் ஒரு நாளும் நின்றதில்லை; தறிக்குழியில் கால் வைத்ததும் இல்லை. நம் வட்டாரத்துக் கைப்பேசித் தொழிற்சாலை ஒன்று 2014இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான இளைஞரும் இளம்பெண்களும் ஒரே நாளில் ஈரம் வற்றிய செடிகளாயினர். அன்று அவர்களுக்கு வேராய் நின்றது எது? பலருக்கு அது தாய்வீடு. சிலருக்கு உடன் தங்கிய தோழியரின் அறை. பங்குக் கோயில் என்று எத்தனை பேர் சொல்லியிருப்பர்? இக்கேள்வியை வாசகர்முன் வைப்பதற்கு முன் நாமே பலமுறை கேட்டுக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறன்று மேடையிலிருந்தே அவ்விளைஞரின் பெயரைச் சொல்லாமல் அவர் கூறியதை எடுத்துரைத்து, முந்திய வாரம் நாம் கூறியதைத் திருத்தினோம். சிலர் முகம் சுளித்தனர். குரு தம் சொல்லைத் தாமே மாற்றுவது நல்லதா என்று ஒருவர் கேட்டார். பொய்யான சொல்லைக் காப்பதைவிட அது நல்லது என்றோம்.

பின்னர் செய்தது பெரிதொன்றும் இல்லை. பகற்பணி முடிந்து திரும்பும் பிள்ளைகளுக்காக ஞாயிறு மாலைகளில் மறைக்கல்விக் கூடத்தைத் திறந்து வைத்தோம். அன்னையர் சிலர் முறைவைத்துச் சோறு சமைத்தனர். முதல் மாதம் நான்கு பேர் வந்தனர். ஒரு வாரம் எவருமே வரவில்லை. படிப்படியாக ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்திருந்த தொழிலாளர் சிலர் வந்து சேர்ந்தனர். அவர்களுள் பலர் நம் சபையினர் என்பதே நமக்கு அதுவரை தெரியாது. மொழி புரியாமல் கோயிலின் பின்வரிசையில் நின்று திரும்பியவர்கள். இப்போது மாதம் ஒருமுறை ஒரு வாசகம் இந்தியில் வாசிக்கப்படுகின்றது. கூடத்தைக் கூட்டும் அதே மூதாட்டி, அவர்களின் தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று தமிழிலேயே கேட்பார். அவர்களுக்கு அது புரிகின்றது. இதனால் அவர்தம் வாழ்வு மாறிவிட்டது என்று நாம் சொல்ல மாட்டோம். நிறையில் இது இரண்டு அவுன்ஸ் இருக்கலாம்.

கிண்ணங்களின் கதையையும் முடித்துவிடுவோம். வண்ண மணிகளைச் சாக்கடையில் கொட்டாமல் வெயிலில் உலர்த்திச் சுருங்கவைத்து, குழந்தைகள் எடுக்காதபடி கட்டி அகற்றினோம். கொடிகளை மண்தொட்டிக்கு மாற்றினோம். மூன்று வாரத்தில் இலை பச்சையாயிற்று. அவ்வாண்டு மழைக்காலத்தில் கோயில் வளாகத்தின் இறுகிய மேட்டு நிலத்தில் வேப்பங்கன்று ஒன்று நட்டனர் இளைஞர். குழியில் மக்கிய எருவும் செம்மண்ணும் இட்டு, வேளாண்மைக்கென விற்கப்படும் படிகத்தில் சில கிராம் கலந்தவர், நம்மை வாயிலில் நிறுத்திப் பேசிய அதே இளைஞர். "இது தண்ணியை மட்டும் பாத்துக்கும் ஃபாதர். மத்ததை மண்ணு பாத்துக்கும்" என்றார்.

அடுத்த கோடையில், நாம் தியானத்துக்காக வெளியூர் சென்றிருந்த பத்து நாள்களும் எவரும் அதற்கு நீர் ஊற்றவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது கன்று வாடாமல் நின்றது. அப்படிகத்தின் ஆற்றல் சில ஆண்டுகளில் குன்றிவிடும். அதற்குள் வேர் தனக்கான ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கியிருக்கும். இப்போது அம்மரம் ஆள் உயரம் தாண்டிவிட்டது. அதன் அடியில் படிகம் இருந்ததை அறிந்தவர் சிலரே.

அன்பார்ந்த வாசகரே, உங்கள் தெருவிலும் மண்ணை விட்டு வந்த ஒருவர் இருப்பார். வாடகை அறையில், முறைமாற்றுப் பணியில், பேசத் துணையின்றி. அவர் ஏன் வந்தார் என்று கேட்பதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். அவருக்குச் சோறு யார் போட்டார் என்று இன்று கேட்போம்.